சேவையகம் நின்றதா, பார்வை மறைந்ததா?

இரவுக் கடமையிலிருக்கும் உத்தியோகத்தர் ஒருவரின் கணினித் திரையில் பத்துப் பன்னிரண்டு சேவையகங்களின் பெயர்கள் நிரலாக நிற்கின்றன. ஒவ்வொரு பெயரின் அருகிலும் சிறு குறியொன்று காணப்படுகின்றது. குறி பச்சையாயின் அச்சேவையகம் இயங்குகின்றது, சிவப்பாயின் நிறுத்தப்பட்டுள்ளது. ஒரேயொரு பெயருக்கு அருகில் மாத்திரம் பச்சையுமில்லை, சிவப்புமில்லை. வெறும் வெண்வட்டந்தான் தெரிகின்றது. வைத்தியசாலையொன்றின் நோயாளர் பதிவுகள் யாவும் அந்தச் சேவையகத்திலேயே உள்ளன என்று வைத்துக்கொள்ளலாம். உத்தியோகத்தர் செய்யத்தக்கது யாது?

வெண்வட்டத்தை மரண அறிவித்தலாகக் கொண்டு அவர் சேவையகத்தை நிறுத்தி மீண்டும் தொடக்குவாராயின், அந்த வேளையில் விடுதிகளிலும் மருந்தகத்திலும் எழுதப்பட்டுக்கொண்டிருந்த பதிவுகள் நடுவழியில் அறுந்துபோகும். நன்றாக இயங்கிய ஒன்றை அவரே வீழ்த்தியவராவார். அதற்கு மாறாக, "இந்த வட்டம் எப்போதும் இப்படித்தான்" என்று பழகிப்போய்விட்டாலோ, சேவையகம் உண்மையாகவே நின்றுவிடும் இரவிலும் அதே வெண்வட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் தேநீர் அருந்தச் சென்றுவிடுவார். முந்திய தவறு உடனே வெளிப்படும். பிந்தியது விடியும்வரை வெளிப்படாது. ஆகலின் அதுவே கொடியது.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சேர்வர் என்னும் தரவுத்தளத்தை ஆள்வதற்கு, மனேஜ்மென்ற் ஸ்ரூடியோ என்ற கருவி 2005ஆம் ஆண்டுப் பதிப்புடன் வெளிவந்தது. மேலே கூறிய குறிகள் அந்தக் கருவியில் தோன்றுபவை. அதிலே வெண்வட்டத்தின் பொருள் "நின்றுவிட்டது" என்பதன்று. "நிலையை அறிய முடியவில்லை" என்பதே. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மறப்பவர்கள் பலர். சேவையகம் ஓர் ஆள்களத்திலும் அதனைப் பார்ப்பவர் வேறோர் ஆள்களத்திலும் இருக்கும்போது இந்த வட்டம் மிகுதியாகத் தோன்றும். இதில் வியப்பு என்னவென்றால், அதே திரையில், அதே வேளையில், அந்தச் சேவையகத்தினுள்ளே புகுந்து அட்டவணைகளைத் திறந்து பார்க்கவும் முடிகின்றது. தரவு வருகின்றது, நிலை மாத்திரம் வரவில்லை. உள்ளேயிருப்பவர் பேசுகின்றார், அவர் உள்ளே இருக்கின்றாரா என்ற கேள்விக்குத்தான் விடையில்லை.

இந்தப் புதிரை அவிழ்க்கவேண்டுமானால், கேள்விகள் இரண்டு என்பதையும், அவை செல்லும் வழிகளும் இரண்டு என்பதையும் முதலில் உணர்தல் வேண்டும். தரவுத்தளத்தை ஒரு திணைக்களத்தின் பதிவேட்டறையாகக் கற்பனை செய்தால் விடயம் எளிதாகும். அறையினுள்ளே எழுதுவினைஞர் ஒருவர் இருக்கின்றார். அவருக்கு முன்னால் ஒரு சாளரம். வலையமைப்பின் மொழியில் இச்சாளரத்தைத் துறை என்பர், எஸ்.கியூ.எல். சேர்வரின் வழக்கமான துறை இலக்கம் 1433. யாராவது சாளரத்தில் வந்து தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கூறினால், எழுதுவினைஞர் தம்முடைய சொந்தப் புத்தகத்தில் அப்பெயர் உளதா என்று பார்த்து, இருப்பின் வேண்டிய பதிவை எடுத்துக் கொடுப்பார். வந்தவர் எந்தத் திணைக்களத்தவர் என்பது அவருக்குப் பொருட்டன்று.

எழுதுவினைஞர் இன்று கடமைக்கு வந்திருக்கின்றாரா என்று அறிய விரும்பும் மனேஜ்மென்ற் ஸ்ரூடியோவோ அந்தச் சாளரத்துக்குச் செல்வதில்லை. அது கட்டடத்தின் காவலாளியைத் தேடிச் செல்கின்றது. காவலாளி என்பது ஈண்டு எஸ்.கியூ.எல். சேர்வருக்கு அடியில் நின்று அதனைத் தாங்கும் விண்டோஸ் இயங்குதளம். எந்தச் சேவை ஓடுகின்றது, எது நின்றது என்ற கணக்கு அதனிடமே உண்டு. அக்கணக்கைத் தொலைவிலிருந்து கேட்பதற்கு டபிள்யூ.எம்.ஐ. என்னும் ஏற்பாடு அமைந்துள்ளது, டபிள்யூ.எம்.ஐ. தன் பயணத்துக்கு டீகொம் என்ற பழைய ஊர்தியைப் பயன்படுத்துகின்றது. இந்த ஊர்தி முதலில் 135ஆம் இலக்கத் துறையில் சென்று தட்டும். அங்கிருப்பவர் விடை கூறமாட்டார். "இன்று அந்த அலுவலர் இன்ன இலக்க அறையில் இருக்கின்றார், அங்கே போ" என்று அனுப்பிவைப்பார். அந்த இலக்கம் நிலையானதன்று. 2008ஆம் ஆண்டின் விண்டோஸ் சேர்வர் முதற்கொண்டு 49152க்கும் 65535க்கும் இடைப்பட்ட எந்த எண்ணாகவும் அது இருக்கலாம். இரண்டு ஆள்களங்களுக்கு நடுவே நிற்கும் தீச்சுவர் 1433ஐ மாத்திரம் திறந்துவிட்டு ஏனையவற்றை அடைத்திருக்குமாயின், தரவு தங்குதடையின்றி ஓடும். நிலைபற்றிய வினா சுவரில் மோதி விழும். திரையில் வெண்வட்டம் தோன்றும்.

வழி திறந்திருந்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. காவலாளிக்கு எழுதுவினைஞரின் புத்தகம் தெரியாது. அவர் கேட்பது விண்டோஸ் அடையாள அட்டை. ஆள்களம் என்பதே இத்தகைய அட்டைகளை வழங்கும் ஒரு திணைக்களம்போன்றதுதான். தன் எல்லைக்குள் உள்ள பயனர்களையும் கணினிகளையும் பதிந்துவைத்து அவர்களுக்காக உறுதிகூறுவது அதன் தொழில். விண்டோஸ் 2000 உடன் வந்த அக்டிவ் டிரெக்டரி இப்பணியைச் செய்கின்றது. உறுதிமொழியைக் கொண்டுசெல்லும் முறைக்குக் கேர்பரோஸ் என்று பெயர். 1980களில் மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் உருவான இம்முறைக்கு, கிரேக்கப் பழங்கதையில் பாதாள வாயிலைக் காக்கும் முத்தலை நாயின் பெயரையே இட்டார்கள். பொருத்தமான பெயர்தான். கடமையிலிருக்கும் உத்தியோகத்தரின் கணினிக்கும் அங்குள்ள கணினிக்கும் இடையே கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிந்தியிருந்தாலோ முந்தியிருந்தாலோகூட இந்த நாய் உள்ளே விடாது.

ஆகவே ஒருவர் தரவுத்தளத்துக்குள்ளே செல்லும்போது தனிப்பட்ட பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்திருப்பினும், அவருடைய கருவி நிலையைக் கேட்கப் போகும்போது அப்பெயரைச் சொல்வதில்லை. காலையில் அவர் தம் கணினியைத் திறந்தபோது எந்த விண்டோஸ் பெயரில் நுழைந்தாரோ அந்தப் பெயரையே அது காட்டும். அப்பெயர் தலைமைக் கந்தோரின் ஆள்களத்துக்குரியது. சேவையகமோ வெளியுலகை எதிர்நோக்கி அமைந்த தனி ஆள்களத்தில் உள்ளது. அங்குள்ள காவலாளிக்கு இவர் முன்பின் அறியாத அயலார். பயனர் இரு பெயர்களுடன் உலாவுகின்றார் என்பதைப் பயனரே அறியாதிருத்தல் இந்தச் சிக்கலின் பாதி.

தீச்சுவர்கள் ஏன் இவ்வளவு கடுமையாக அடைக்கப்பட்டுள்ளன என்று சலிப்புறுபவர்கள் 2003ஆம் ஆண்டை நினைவிற் கொள்வது நன்று. அந்த ஆண்டு சனவரி 25ஆந் திகதி ஸ்லாமர் என்னும் கணினிப் புழு பரவியது. அதன் முழு உடலும் 376 பைற்றுகள் மாத்திரமே. அது நுழைந்த வாயில் 1434ஆம் இலக்கத் துறை, அஃதாவது எஸ்.கியூ.எல். சேர்வர் 2000, "என்னிடம் இன்னின்ன தரவுத்தளங்கள் உள்ளன, அவை இன்னின்ன துறைகளில் உள்ளன" என்று கேட்பவர்க்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்த துறை. தாக்கப்படக்கூடிய கணினிகளிற் பெரும்பாலானவை பத்து நிமிடங்களுக்குள் பிடிபட்டன. ஏறத்தாழ 75,000 கணினிகள் அதற்கு இரையாயின. இத்தனைக்கும் அந்தத் துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு ஆறு மாதம் முன்னதாகவே வெளியிட்டிருந்தது. அதே ஆண்டு ஓகத்து மாதத்தில் பிளாஸ்ரர் என்னும் இன்னொரு புழு வந்தது. அது தேர்ந்த வாயில் 135. நிலையைக் கேட்கச் செல்லும் வழியும் அதே வழிதான்.

ஸ்லாமர் சென்ற இடங்களில் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையம். ஒப்பந்தக்காரர் ஒருவரின் வலையமைப்பிலிருந்து, தீச்சுவரைச் சுற்றிக்கொண்டு வந்த ஓர் இணைப்பின் வழியாக அது உள்ளே புகுந்தது. நிலையத்தின் பாதுகாப்பு அளவைகளைக் காட்டும் திரைத்தொகுதி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செயலிழந்தது. நிலையத்தின் கணிப்புக் கணினி ஆறு மணி நேரத்துக்கு மேல் செயலிழந்தது. நற்காலமாக உலை அப்போது முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. பழைய முள்காட்டிக் கருவிகளும் பழுதின்றி இருந்தன. அங்கே அழிந்தது உலையன்று; உலையின் நிலையைப் பார்க்கும் கண். பொறியியலாளர்கள் வேறு கண்ணையும் வைத்திருந்தார்கள் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

இத்தகைய அனுபவங்களின் பின் சுவரை அடைத்தவர்களைக் குறைகூற முடியாது. பச்சைக் குறியொன்றைப் பார்ப்பதற்காக ஆயிரக்கணக்கான துறைகளைத் திறந்துவிடும்படி வலையமைப்புப் பொறுப்பாளரிடம் கேட்பவர், கதவைக் கழற்றிவிட்டுச் சாவித்துளையைப் பெரிதாக்கியதாகச் சொல்பவரை ஒத்தவர்.

இனி, பழுதைத் தேடும் முறை. அனுபவசாலிகள் முதலிற் பார்ப்பது பெயரை. ஓர் ஆள்களத்துக்குள் சேவையகத்தின் குறும்பெயரே போதும். எல்லையைக் கடந்தால் அதே குறும்பெயர் வேறொரு கணினியைச் சுட்டலாம், அல்லது ஒன்றையுமே சுட்டாதிருக்கலாம். தரவு இணைப்புக்கு எண்முகவரியைக் கொடுத்துச் சமாளித்தவர்கள் இங்கே இடறுவார்கள். ஏனெனில் எண்முகவரியை மாத்திரம் கொடுத்தால் கேர்பரோஸ் பெரும்பாலும் இயங்குவதில்லை, பழைய என்.ரி.எல்.எம். முறைக்கே இறங்கவேண்டியிருக்கும். ஆள்களத்தின் பெயரும் சேர்ந்த முழுப் பெயரால் அழைத்துப் பார்ப்பதே தக்கது.

அடுத்து, வழி அடைபட்டதா அல்லது ஆளை மறுத்தார்களா என்று பிரித்தறிதல் வேண்டும். இதற்கு மனேஜ்மென்ற் ஸ்ரூடியோ உதவாது. அது இரண்டு பிழைக்கும் ஒரே வெண்வட்டத்தைத்தான் காட்டும். இந்த மௌனம் அக்கருவியின் பெருங்குறை என்றே கூறல் வேண்டும். விண்டோஸுடனேயே வரும் டபிள்யூ.எம்.ஐ. பரிசோதனைக் கருவியைத் திறந்து, அதே கணினியிலிருந்து, அதே பயனர் பெயரில், அந்தச் சேவையகத்தை அழைத்துப் பார்த்தால் மறுமொழி வாய்திறந்து வரும். தொலைவிலுள்ள சேவை கிடைக்கவில்லை என்ற 1722ஆம் இலக்கப் பிழை வருமாயின், கேள்வி சென்று சேரவேயில்லை. தீச்சுவரையும் பெயரையும் ஆராய வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டது என்ற 5ஆம் இலக்கப் பிழை வருமாயின், கேள்வி சென்றுவிட்டது, கேட்டவரை ஏற்கவில்லை. அதன்பின் தீச்சுவரைத் தொடுவது வீண்வேலை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமையால் வலையமைப்புப் பிரிவும் தரவுத்தளப் பிரிவும் ஒருவர்மேல் ஒருவர் பழிசுமத்திக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் நாட்கள் கொஞ்சமல்ல.

வழிதான் பழுதென்றால், எண்ணற்ற துறைகளைத் திறக்கத் தேவையில்லை. டபிள்யூ.எம்.ஐ.யை ஒரே நிலையான துறையில் அமரும்படி செய்யலாம். அதற்கென வழக்கமாக ஒதுக்கப்பட்ட இலக்கம் 24158. அதனையும் 135ஐயும், உத்தியோகத்தரின் கணினி முகவரிக்கு மாத்திரம், தீச்சுவரில் அனுமதித்தால் போதுமானது.

ஆள்தான் பழுதென்றால், ஆள்களங்களுக்கிடையே நம்பிக்கை உறவு உண்டா என்று வினவவேண்டும். இவ்வுறவுக்குத் திசை உண்டு என்பதைப் பலர் மறப்பர். சேவையகம் உள்ள ஆள்களம் உத்தியோகத்தரின் ஆள்களத்தை நம்பவேண்டும். எதிர்த்திசை நம்பிக்கையால் இங்கே பயனில்லை. உறவே இல்லாதவிடத்து எளிய வழியொன்று உண்டு. சேவையகத்தின் ஆள்களத்தில் உத்தியோகத்தருக்கு ஒரு பெயரைப் பதிவுசெய்து, விண்டோஸின் வேறொருவராக இயக்கும் கட்டளையை வலையமைப்புக்கு மட்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்து மனேஜ்மென்ற் ஸ்ரூடியோவைத் தொடக்கலாம். அப்போது அவர் தம் கணினிக்குப் பழைய ஆளாகவும் வெளியே புதிய ஆளாகவும் விளங்குவார். திரையில் எங்கும் புதிய பெயர் தெரியாது. ஆனால் காவலாளிக்குத் தெரியும்.

அடையாளம் ஏற்கப்பட்ட பின்னரும் உரிமை வேண்டும். தொலைவிலிருந்து டபிள்யூ.எம்.ஐ.யைக் கேட்கும் உரிமை இயல்பாக நிருவாகிகளுக்கே உண்டு. 2005இல் வெளிவந்த விண்டோஸ் சேர்வர் 2003இன் முதலாவது சேவைப் பொதி, சேவைகளின் பட்டியலைத் தொலைவிலிருந்து காணும் உரிமையையும் சாதாரண பயனர்களிடமிருந்து நீக்கிவிட்டது. இந்நிலையில் பலர் கையாளும் குறுக்குவழி, உத்தியோகத்தரை நிருவாகியாக்கிவிடுவது. வட்டம் பச்சையாகும் என்பது உண்மை. ஆனால் நிலையை அறிய வந்தவரின் கையில் சேவையகத்தையே அழிக்கும் அதிகாரமும் சேர்ந்து போய்விடுகின்றது. அவருடைய கடவுச்சொல் களவுபோனால் என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. முறையான வழி சற்று நீளமானது. டீகொம் பயனர் குழுவில் அவரைச் சேர்த்தல், எஸ்.கியூ.எல். சேர்வருக்குரிய டபிள்யூ.எம்.ஐ. பெயர்வெளியில் தொலைநிலை அனுமதியை அவருக்கு அளித்தல், சேவைப் பட்டியலைப் படிக்கமட்டும் இடமளித்தல் ஆகிய மூன்றையும் செய்யவேண்டும். அரைமணி நேர வேலை, அதற்குமேல் இல்லை.

நேற்றுவரை பச்சையாயிருந்த குறி, எவரும் எதனையும் தொடாதிருக்க இன்று வெள்ளையாகிவிட்டதென்று முறையிடுவோரும் உளர். அத்தகையோர் இயங்குதளத் திருத்தங்களின் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். டீகொம்மின் பாதுகாப்பு இறுக்கத்தை மைக்ரோசொப்ட் படிப்படியாகக் கொண்டுவந்தது: 2021 யூன் மாதத்தில் விரும்பியோர் கைக்கொள்ளும் ஏற்பாடாகவும், 2022 யூனில் இயல்பாகவும், 2023 மார்ச்சில் விலக்கமுடியாத கட்டாயமாகவும். ஓர் ஆள்களத்தின் கணினிகள் திருத்தங்களைப் பெற்று, மற்றையதன் கணினிகள் பழையனவாகவே இருந்தால், போதிய பாதுகாப்பின்றி வரும் கேள்வியைச் சேவையகம் தள்ளிவிடும். அதன் நிகழ்வேட்டில் 10036 என்ற இலக்கத்தில் குறிப்பும் இருக்கும். எவரும் எதனையும் தொடவில்லை என்பது இங்கே உண்மையன்று. திருத்தம் தானாகவே தொட்டுவிட்டது.

இனி, பச்சைக் குறியைப் பெறவே முடியாத இடங்களும் உண்டு. 2017ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் எஸ்.கியூ.எல். சேர்வர் லினக்ஸ் இயங்குதளத்திலும் ஓடுகின்றது. லினக்ஸில் டபிள்யூ.எம்.ஐ. இல்லை, அவ்வழியிற் கேட்டால் விடைசொல்ல அங்கே ஆளேயில்லை. சில நிறுவனங்களோ 135ஐ எக்காரணங்கொண்டும் திறப்பதில்லை என்று உறுதியாக நிற்கும். அத்தகைய இடங்களில் காவலாளியை விட்டு எழுதுவினைஞரையே கேட்பது அறிவுடைமை. 1433 வழியாக ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மிகச் சிறிய வினாவொன்றை அனுப்பி, விடை வருகின்றதா, எத்தனை கணத்தில் வருகின்றது என்று குறித்துக்கொள்ளலாம். விண்டோஸில் இயங்கும் சேவையகமாயின், 2008 ஆர்2 பதிப்பின் முதலாவது சேவைப் பொதி தொட்டு, தரவுத்தளத்தினுள்ளேயே சேவைகளின் நிலையையும் கடைசியாகத் தொடங்கிய நேரத்தையும் கூறும் பார்வையொன்றும் அமைந்துள்ளது. சேவையக நிலையைப் பார்க்கும் உரிமையை மாத்திரம் உத்தியோகத்தரின் தரவுத்தளப் பெயருக்கு அளித்தால் அவர் அதனைப் படிக்கலாம்.

இம்முறையிலும் ஒரு குறை உண்டு. நித்திரையிலிருப்பவரிடம் "நித்திரையா?" என்று கேட்டால் விடை வராது; வராமைக்குக் காரணம் அவர் உறங்குவதா, வழி அடைபட்டதா என்பதும் தெரியாது. ஆதலால் சேவையகத்தின் ஆள்களத்தினுள்ளேயே சிறு கண்காணிப்புக் கணினியொன்றை நிறுத்தி, காவலாளியைக் கேட்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்து, அறிந்ததை அது எல்லைக்கு வெளியே தானாக அனுப்பும்படி செய்வர். கேள்வி எல்லையைத் தாண்டுவதில்லை. விடை மாத்திரம் ஒரே துறையின் வழியாக வெளியே வருகின்றது. அந்தக் கணினியிடமிருந்து குறித்த நேரத்தில் யாதொரு செய்தியும் வராவிடின், அதனையே ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளும்படி ஏற்பாடு செய்தல் வேண்டும்.

இரவுக் கடமையிலிருக்கும் உத்தியோகத்தரின் மேசைக்கு இவையெல்லாவற்றிலும் சுருக்கமாக வேண்டப்படுவது ஒரு தாள். வெண்வட்டம் கண்டால் முதலில் 1433 வழியாக வினாவை அனுப்புக. விடை வந்தால் சேவையகத்தைத் தொடாதே, காலையில் வலையமைப்புப் பிரிவுக்கு அறிவி. விடை வராவிடின் உள்ளேயுள்ள கண்காணிப்புக் கணினியின் கடைசிச் செய்தி எத்தனை மணிக்கு வந்தது என்று பார். அதுவும் நின்றிருந்தால் பொறுப்பான பொறியியலாளரை உடனே எழுப்பு. அவருடைய தொலைபேசி இலக்கம் அதே தாளில் இருத்தல் வேண்டும். சேவையகத்தினுள்ளே சேமித்துவைத்த கோப்பொன்றில் இருத்தலாகாது.